வழியில் அமைந்த நாடு



கொடும்பாளூர் இன்று ஒரு சிற்றூர். திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்வார் விராலிமலையைக் கடந்து அதனை அடைவர். அங்குள்ள மூவர் கோயிலைக் கண்டு வியப்பார் பலர். அதனை எழுப்பிய இருக்குவேளிர் பேரரசுகளின் போரினின்று ஒதுங்கி வாழ இயலாமற் போனது ஏன் என எண்ணுவார் சிலரே. வேண்டாத போருக்குள் ஒரு நாடு எவ்வாறு இழுக்கப்படுகின்றது என்பதை அவ்வூர் வரலாறே உணர்த்தும்.

முதலாவது, இடம். உறையூரினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழி கொடும்பாளூரருகே மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் கூறும். வழியைக் கைக்கொண்டவனே படை நடத்த வல்லவன். எனவே வடபுலத்தாரும் தென்புலத்தாரும் அங்கே மோதினர். பாண்டியர் அவ்வூரிற் பொருததை வேள்விக்குடிச் செப்பேடும் சின்னமனூர்ச் செப்பேடும் குறிக்கின்றன.

1914-இல் பெல்சியத்துக்கும் இதுவே நேர்ந்தது. அதன் நடுநிலையைக் காப்பதாகப் பேரரசுகள் 1839-இல் இலண்டனில் ஒப்பமிட்டிருந்தன. அவற்றுள் பிரசியாவும் ஒன்று. ஆயினும், பிரான்சைத் தாக்க வழி தேடிய செருமனி, தன் படைக்கு இடம்விடுமாறு பெல்சியத்தை மிரட்டியது. பெல்சியம் மறுத்தது. ஆகத்து 4-இல் செருமானியப் படை எல்லை கடந்தது. பிரசியா இட்ட ஒப்பம் பெல்சியத்தைக் காக்கவில்லை.

இரண்டாவது, உறவு. இருக்குவேளிர் சோழரோடு மணவுறவு கொண்டனர். அவர் பகையைத் தம் பகையாக ஏற்றனர். சுந்தர சோழர் காலத்தில் ஈழத்தின்மேற் சென்ற படையில் கொடும்பாளூர்ச் சிறியவேளார் களம்பட்டார். கடலுக்கப்பாலுள்ள ஈழத்தோடு அச்சிறுநாட்டுக்குத் தனிப்பகை ஏது?

மூன்றாவது, பிறர் முடிவு. இதுவே மூன்றினும் கொடிது. 1939 செப்டம்பர் 3-இல் இந்தியாவும் போரில் இறங்கியதாக ஆங்கிலேய அரசின் பேராளர் லின்லித்கோ அறிவித்தார். மக்கள் தேர்ந்த மன்றம் எதனையும் அவர் கேட்டாரல்லர். சென்னை உள்ளிட்ட மாகாணங்களிற் பேராயக் கட்சி அமைச்சரவைகள் அவ்வாண்டே பதவி விலகின. ஆயினும் ஆள்சேர்ப்பு நிற்கவில்லை. ஏறத்தாழ 25 இலக்கம் பேர் படையிற் சேர்ந்தனர். செருமனி எத்திசையில் உள்ளதென்றும் அறியாத உழவன் மகன் ஆப்பிரிக்கப் பாலையிலும் பர்மாக் காட்டிலும் மடிந்தான்.

பெல்சியம் வீழ்ந்தது, எனினும் 'வழிவிடோம்' என்னும் விடை அதன் சொந்த விடை. 1939-இல் இந்தியாவுக்கோ விடை சொல்லும் வாயே இல்லை. சுவிட்சர்லாந்து இரு உலகப் போர்களினும் விலகி நின்றது. வெறும் கையோடு நிற்கவில்லை, எல்லையிற் படைநிறுத்தி நின்றது.

எனவே, நடுநிலை என்பது பிறர் அளிக்கும் கொடையன்று. தன் மண்ணின் வழியைத் தானே காக்கும் வலிமையும், தன் மக்களின் உயிரைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையும் உடைய நாட்டுக்கே அது வாய்க்கும். அவ்வுரிமை இல்லாத மக்கள் போரை விரும்பினும் வெறுப்பினும் ஒன்றே. அழைப்பு வரும்போது அவர்தம் பிள்ளைகளே முன்வரிசையில் நிறுத்தப்படுவர்.

கொடும்பாளூர்க் கற்றளிகளைக் காணச் செல்வோர் இதனையும் எண்ணிப் பார்க்க!