நாலு கிரவுண்டுக் கட்டம்



தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் போனால் ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று வீடுகள் இடைவெளியே இல்லாமல் தொடரும். இதெல்லாம் எப்போது ஏரிப் பாசன வயலாக இருந்தது, எப்போது மனையானது? 1972 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் படங்களில் விடை இருக்கிறது.

அந்தப் படம் சிறு சிறு கட்டங்களால் ஆனது. எண்பதுகளிலிருந்து ஒரு கட்டம் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் நாலு கிரவுண்டு. ஒவ்வொன்றுக்கும் வயல், நீர், காடு, கட்டடம் என்று பெயர் வைத்துவிட்டு, பத்து வருட இடைவெளியில் எது எதுவாக மாறியது என்று கணினி எண்ணுகிறது. சாலை எவ்வளவு தூரம், பக்கத்துக் கட்டத்தில் வீடு வந்துவிட்டதா என்பதையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த பத்து வருடத்தை வரைகிறது. இப்படி வரையும் கணக்கீட்டைத்தான் மாதிரி என்கிறோம். அதை எப்படி நம்புவது? 1991, 2001 படங்களை மட்டும் கொடுத்து 2011-ஐ வரையச் சொல்ல வேண்டும். பிறகு உண்மையான 2011 படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அக்கம்பக்கம் பார்த்து வீடு பரவுவதை இந்த மாதிரிகள் நன்றாகவே பிடிக்கின்றன. தடுமாறுவது, பக்கத்தில் எதுவுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு கட்டம் மாறும்போது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. பெருங்குடி குப்பைக் கிடங்கு அங்கே வந்தது. காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும், கடல் தொழில்நுட்ப நிறுவனமும் வந்தன. இவையெல்லாம் அரசுக் கோப்பில் எடுத்த முடிவுகள். கோப்பு செயற்கைக்கோளுக்குத் தெரியாது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானதும், 2022-இல் 1,247 ஹெக்டேர் பன்னாட்டு ராம்சர் ஈரநிலத் தலமானதும்கூட அப்படித்தான். இந்த முடிவுகளை மனிதர்தான் மாதிரிக்குச் சொல்லித்தர வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. மேகமில்லாத தெளிவான படம் பெரும்பாலும் கோடையில்தான் கிடைக்கும். அப்போது நம் ஏரிகள் பாதிக்குமேல் வறண்டு கிடக்கும். கணினி அதைக் காலி நிலம் என்று குறித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறையும்போதோ வானம் மூடிக்கொள்ளும். நீர் தன் இடத்தைக் காட்டும் நாளில் பெரும்பாலும் தெளிவான படமே இருக்காது! 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். கோடைப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்தத் தெருக்கள் சாதாரண மேட்டு மனையாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது வளர்ச்சி தெற்கே நகர்கிறது. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. அதையொட்டிய ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றுக்குத்தான் வருகிறது. அதாவது முடிச்சூர் வழியாக. இந்தப் பகுதிக்கு மாதிரியை இரண்டு தடவை ஓட்டலாம். ஏரிகளையும் வாய்க்கால்களையும் கட்டடத்துக்குத் தராமல் பூட்டிவைத்து ஒரு தடவை, பூட்டாமல் ஒரு தடவை. மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டுக் கோப்பு வரும்போது அந்த இரண்டு படங்களும் அதிகாரியின் மேசைமேல் இருக்க வேண்டும்.