உயர்திணையும் ஒருமை விகுதியும்



மக்கள் அனைவரையும் உயர்திணை என ஒன்றாகவே கொண்டது தொல்காப்பியம். ஒருவரைப் பன்மையால் சுட்டுதலை வழக்கில் வந்த உயர்சொல் என்றும், அஃது இலக்கண நெறியன்று என்றும் அந்நூல் கூறும். அவ்வழக்கு யார்க்கு வாய்த்தது, யார்க்கு மறுக்கப்பட்டது என்பதே வினா. தமிழகச் சிற்றூர்களில் நிலக்கிழாரின் சிறுவன் நரைத்த தலையுடைய உழவுத் தொழிலாளியை 'வாடா' என்றழைத்தான். முதியவரோ அச்சிறுவனைச் 'சின்னையா' என்றார். அகவைக்கு அங்கே மதிப்பில்லை. சிற்றூரின் எழிலைப் பாடிய கவிதைகள் பலவும் இவ்விகுதிக்குச் செவிகொடுக்கவில்லை.

தீண்டாமையை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு ஒழித்தது. அதனைக் குற்றமாக்கும் சட்டம் 1955இல் வந்தது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை வழக்குமன்றத்தில் சான்றாக வைத்துவிடலாம். ஒரு விகுதியை எவ்வாறு வைப்பது? அதன் தழும்பு கேட்டவர் நெஞ்சில் கிடக்கும். அருகில் நின்ற மகன் நெஞ்சில் இன்னும் ஆழமாக.

1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இத்தகைய காயம் ஒன்றைக் காட்டுகிறது. தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாது, கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கி வந்து நிலவுடைமையாளரிடம் நீட்டுகிறார். காணும் சிறுமிக்கு அது வேடிக்கை. அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவன் காரணத்தை விளக்குகிறான். அதன்பின் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.