சேர் தோமஸ் மோரின் இல்லறம்



பெரும்பதவி வகித்த அறிஞர்கள் சபையிலே எவ்வாறு பேசினார்கள் என்பதை வரலாறு எழுதிவைக்கும். வீட்டிலே மனைவியோடும் மக்களோடும் எவ்வாறு சிரித்து மகிழ்ந்தார்கள் என்பதை அது எழுதிவைப்பது அரிது. அந்த அரிய பேற்றினைப் பெற்றவருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டுச் சேர் தோமஸ் மோர். 'யுட்டோப்பியா' என்னும் கற்பனை நாட்டைப் பற்றி 1516ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர் அவர். 1529இல் எட்டாம் ஹென்றி மன்னனின் சான்சலராகி, நாட்டின் நீதி பரிபாலனத்துக்குத் தலைமை தாங்கினார். 1535இல் அதே மன்னனின் ஆட்சியிலே கொலைமேடை ஏறினார். அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிய வாழ்க்கை வரலாறும், நண்பர் எராஸ்மஸ் எழுதிய கடிதங்களும் அவ்வில்லத்தின் கதவை இன்றும் திறந்து வைத்திருக்கின்றன.

விளையாட்டுப் புத்தி மோருக்குச் சிறு வயதிலேயே வாய்த்தது. பேராயர் மோர்ட்டனின் மாளிகையிலே பணிவிடை செய்யும் பையனாக அவர் இருந்த காலத்தில், நத்தார்ப் பண்டிகைக்கு நாடகம் நடைபெறும். பாடமோ ஒத்திகையோ இல்லாமல் அப்பையன் நடிகர் நடுவே திடீரெனப் புகுந்து, தானே ஒரு பாத்திரத்தைக் கட்டி நடிப்பான். பார்த்திருந்தோர், மற்றைய நடிகரை மறந்து அவனையே பார்த்துச் சிரிப்பர்.

அவருடைய முதல் மனைவி ஜேன், மார்கரெட், எலிசபெத், சிசிலி, ஜோன் என்னும் நான்கு குழந்தைகளை விட்டு 1511இல் இறந்தாள். தாயற்ற மக்களுக்காக விரைவிலேயே அலிஸ் என்னும் விதவையை மோர் மணந்தார். அலிஸ் அவரிலும் மூத்தவள், இல்லத்தை நடத்துவதிலே கண்டிப்பானவள், பேச்சிலே கூர்மையானவள். அவளை அதட்டி அடக்க மோர் முயன்றாரல்லர். வேடிக்கைப் பேச்சினாலேயே அவளை இணங்க வைத்து, நடுவயதிலே நரம்பு வாத்தியமும் குழலும் பயிலச் செய்தார் என்று எராஸ்மஸ் வியந்து எழுதுகிறார்.

அவ்வீட்டிலே குரங்கும், நரியும், கீரியினத்துச் சிறு விலங்குகளும், பலவகைப் பறவைகளும் வளர்ந்தன. பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைக்கு நிகராக இலத்தீனும் கிரேக்கமும் கற்றனர். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட காலம் அது. மூத்த மகள் மார்கரெட் எராஸ்மசின் இலத்தீன் நூலொன்றை ஆங்கிலத்திலே பெயர்த்து அச்சேற்றும் அளவுக்குப் புலமை பெற்றாள். பிரம்பே ஆசிரியரின் அணிகலனாக இருந்த அந்நாளில், தம் பிள்ளைகளை அடிக்க நேர்ந்தபோது மோர் எடுத்த ஆயுதம் மயிலிறகுக் கற்றை. அதையும் தயங்கித் தயங்கியே ஓங்கினார். தின்பண்டமும் பழமும் கொடுத்ததே தமக்கு வழக்கம் என்று பிள்ளைகளுக்கே அவர் பாட்டில் எழுதினார்.

ஆயினும் இம்மனிதரின் ஒரு பக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. சான்சலராக இருந்த காலத்தில், மாறுபட்ட சமயக் கருத்துக் கொண்டோர் சிலர் தீயிலிடப்பட்டனர். அதனை அவர் நியாயமென்றே கொண்டார். வீட்டிலே மயிலிறகு ஏந்திய கை, நாட்டிலே அத்துணை மென்மையாக இருக்கவில்லை.

மன்னன் அரசி கதரீனை விலக்கி ஆன் பொலினை மணக்கவும், திருச்சபைக்குத் தானே தலைவனாகவும் முனைந்தபோது, மோரின் மனச்சாட்சி அதற்கு இசையவில்லை. 1532 மே மாதத்தில் பதவி துறந்தார். அச்செய்தியையும் மனைவிக்கு வேடிக்கையாகவே அறிவித்தார். கோவிலில் வழிபாடு முடிந்ததும், எசமான் புறப்பட்டுவிட்டார் என்று ஏவலாளன் ஒருவன் வந்து அலிஸிடம் சொல்வது வழக்கம். அன்று மோர் தாமே தொப்பியைக் கையிலேந்தி வந்து, அதே சொற்களைப் பணிவோடு கூறினார். அலிஸ் வழக்கமான கேலியென்றே நினைத்தாள். எசமான் என்னும் பதவியே போய்விட்டது என்பதைப் பிறகுதான் உணர்ந்தாள்.

வருமானம் மிகச் சுருங்கிற்று. மோர் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்துக் கணக்குச் சொன்னார். முதலாண்டு சட்டம் பயின்ற விடுதியிலே உண்ட உணவுக்கு இறங்குவோம். அதுவும் கட்டாவிட்டால் அதனிலும் எளிய விடுதியின் உணவுக்கு. பின்னர் ஒக்ஸ்போர்ட்டு மாணாக்கரின் உணவுக்கு. அதற்கும் வழியில்லையெனில் பையைத் தோளிலிட்டு வீடு வீடாகப் பாடிப் பிச்சையெடுப்போம். எல்லோரும் ஒன்றாகவே இருக்கலாமே என்றார்.

ஒன்றாக இருக்கும் அந்தப் பாக்கியந்தான் கிட்டாமற் போயிற்று. அரசன் விதித்த சத்தியத்தைச் செய்ய மறுத்தமையால் 1534 ஏப்ரலில் இலண்டன் கோட்டையிலே சிறை வைக்கப்பட்டார். அலிஸ் அங்கு வந்து, செல்சீயிலே வீடும், தோட்டமும், புத்தகசாலையும், மனைவி மக்களும் இருக்க, எலிகளோடு அடைந்து கிடப்பது என்ன பேதைமை என்று கடிந்தாள். இந்த வீடும் அந்த வீட்டைப்போல் மோட்சத்துக்கு அண்மையில்தானே இருக்கிறது என்று மோர் நகைத்தார். அலிஸ் சிரிக்கவில்லை. அவளைக் குறைகூறுதல் தகாது. சிறையிலே கணவனுக்கும் அவருடைய ஏவலாளனுக்கும் உணவுச் செலவாக வாரந்தோறும் 15 சிலிங் கட்டியவள் அவளே; அதற்காகத் தன் உடைகளை விற்க நேர்ந்தது என்று மன்னனின் அமைச்சருக்கு எழுதியவளும் அவளே. மனச்சாட்சியின் விலையை ஒருவர் மாத்திரம் கொடுத்துத் தீர்ப்பதில்லை, குடும்பமும் கொடுக்கிறது.

1535 யூலை 1ஆம் திகதி மரண தண்டனை தீர்க்கப்பட்டது. கோட்டைக்கு அவரைத் திரும்பக் கொணர்ந்தபோது, ஆயுதமேந்திய காவலரைத் தள்ளிக்கொண்டு மார்கரெட் ஓடிவந்து, எல்லோரும் பார்த்திருக்கத் தந்தையைக் கட்டித் தழுவி முத்தமிட்டாள். விலகிச் சென்றவள் மனம் ஆறாமல் மீண்டும் ஓடிவந்தாள். மரணத்துக்கு முந்திய நாள் கரித்துண்டினால் அவளுக்கு எழுதிய கடிதத்திலே, அன்று அவள் நடந்துகொண்டவாறே தமக்கு என்றும் இல்லாதபடி பிடித்திருந்தது என்று மோர் குறித்தார்.

யூலை 6ஆம் திகதி, ஆடிக்கொண்டிருந்த கொலைமேடையில் ஏறும்போது, ஏறுவதற்கு மட்டும் உதவுமாறும், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் அதிகாரியிடம் கூறினார். சாவின் விளிம்பிலும் பரிகாசம் செய்த இவரைப் பேதையான ஞானி என்பதா, ஞானமுள்ள பேதை என்பதா என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் எட்வேட் ஹோல் தடுமாறினார்.

அவ்வீட்டாருக்கு அத்தடுமாற்றம் இருந்திராது. சாப்பாட்டு மேசையிலும், கோவிலிலும், வறுமையைக் கணக்கிட்ட நாளிலும் அவர்கள் கேட்ட அதே குரல்தான் கொலைமேடையிலும் ஒலித்தது. செல்வத்தை நம்பி எழுந்த சிரிப்பாயின் செல்வத்தோடு அது போயிருக்கும். பாலத்தின் மேல் நாட்டப்பட்டிருந்த தந்தையின் தலையை மார்கரெட் மீட்டு, தன் வாழ்நாள் முழுதும் காத்து வைத்திருந்தாள். அவர் கடிதங்களையும் அவள் அவ்வாறே பேணினாள். தந்தை மக்களுக்கு விட்டுச்செல்லக்கூடிய முதுசொம் வீடும் நிலமும் மட்டுமென எண்ணுவோர், பறிமுதலான செல்சீ வீட்டையும் பறிமுதல் செய்ய முடியாத அந்தக் கரிக்கடிதத்தையும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்களாக.