ஓரெழுத்து வேறுபாடு



அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, சில நாட்களுக்கு முன் ஒரு தாளோடு வந்தாள். அதில் 22 எழுத்துக்கள். “ஐயா, ஆய்வுக்கூடத்தில் கிடைத்த நுண் ஆர்.என்.ஏ. வரிசை இது. பதிவேட்டில் ‘ஏ’ என்றிருக்கும் இடத்தில் இதில் ‘ஜி’ இருக்கிறது. பிழையென்று அடித்துவிடலாமா?” என்று கேட்டாள்.

ஏட்டுச் சுவடிகளிலிருந்து நூல் பதிப்பித்தோர் அனைவரும் கேட்டுக்கொண்ட கேள்வியன்றோ இது! உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிடுமுன் பல ஏடுகளை ஒப்புநோக்கினார். ஓர் எழுத்து வேறுபட்டால், எழுதினவன் கை தவறியதா, வேறு பாடமா என்று துணிய வேண்டும்.

மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்வது ஆர்.என்.ஏ. என்று படித்திருப்பீர்கள். அச்செய்தி புரதமாகுமுன் அதனை அடக்கிவைக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. விக்டர் ஆம்புரோசும் கேரி ரவ்குனும் 1993-இல் ஒரு சிறு புழுவில் இதனை விளக்கினர். 2024-இல் நோபெல் பரிசு பெற்றனர். புழுவில் கண்ட ‘லெட்-7’ என்பது மனிதனிடத்தும் அப்படியே இருப்பது 2000-இல் தெரிந்தது. பிறகு உயிரினந்தோறும் தேடலாயினர். இங்கிலாந்தில் 2002-இல் 218 பதிவுகளோடு தொடங்கிய ‘மிர்பேஸ்’ என்னும் இணையப் பதிவேடு, 2018-இல் 271 உயிரினங்களுக்குரிய 38,589 பதிவுகளை எட்டிற்று. டில்லியிலுள்ள மரபணுவியல் ஆய்வு நிறுவனத்தார், மனிதரின் நுண் ஆர்.என்.ஏ. மரபணுக்களில் காணும் வேறுபாடுகளைத் திரட்டி, 2011-இல் ‘மிர்வார்’ என்ற தொகுப்பை வெளியிட்டனர்.

பயிர் பெருகியபோது களையும் பெருகிற்று. 2015-இல் ஆய்வாளர் சிலர் மனிதனுக்குரிய 1,881 பதிவுகளைச் சோதித்து, உறுதியான சான்றுடையவை மூன்றிலொரு பங்கினும் குறைவு என்றனர். அப்படியானால் ஐயத்துக்குரியதை எல்லாம் நீக்கிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் இடர்.

எலியின் மூளையில் ‘மிர்-376’ என்னும் குடும்பத்து ஆர்.என்.ஏ. ஒன்று உண்டு. மரபணுவில் உள்ள ‘ஏ’ எழுத்தை ஒரு நொதி பின்னர் ஐனோசினாக மாற்றுகிறது. கருவியோ ஐனோசினை ‘ஜி’ என்றே படிக்கும். பார்ப்பவர்க்கு இது வெறும் பிழை. ஆனால், நுண் ஆர்.என்.ஏ.வின் இரண்டாம் எழுத்து முதல் எட்டாம் எழுத்து வரையுள்ள பகுதியே, எந்தச் செய்தியை அடக்குவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மாற்றம் அங்கே நேர்ந்ததால் அது முன்பு அடக்கியவற்றை விட்டு, யூரிக் அமிலம் உண்டாவதில் பங்குகொள்ளும் நொதியொன்றின் செய்தியை அடக்கிற்று. இது 2007-இல் வெளியாயிற்று. மனிதனிடத்தும் அக்குடும்பத்தில் இத்தகைய திருத்தம் காணப்பட்டது. இரண்டு உயிரினங்களில் ஒரே வேறுபாடு என்றால் அதற்கு மதிப்பு மிகும். ஆயினும் ஒரே வகைக் கருவி இரண்டு இடத்தும் ஒரே தவற்றைச் செய்யக்கூடும். ஒரே தாய் ஏட்டைப் பார்த்தெழுதிய இரண்டு பிரதிகளை இரண்டு சாட்சிகளாகக் கொள்ளலாகாது.

ஆகவே அம்மாணவியிடம், “அடிக்காதே அம்மா, உண்மையென்றும் எழுதாதே. எந்த உயிர், எந்த உறுப்பு, எந்தக் கருவி, எத்தனை முறை ‘ஜி’, எத்தனை முறை ‘ஏ’ என்று குறித்துவை. அதே உயிரின் டி.என்.ஏ.வில் அவ்விடத்தில் என்ன எழுத்து என்றும் பார்” என்றேன். டி.என்.ஏ.விலேயே ‘ஜி’ இருந்தால் அது பிறவியிலேயே வந்த வேறுபாடு. ‘ஏ’ இருந்தால் பின்னர் நேர்ந்த திருத்தமாகவோ கருவியின் பிழையாகவோ இருக்கும்.

டி.என்.ஏ. மாதிரி குளிர்பெட்டியில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவருவதாகச் சொல்லி, தாளை மடித்துக்கொண்டு சென்றாள்.