அடுத்த கப்பல் வரை காத்திருக்க வேண்டாம்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பொலிடெக்னிக்கில் மின்சாரத் துறையில் டிப்ளோமா முடித்து, பாகான் டாலாமில் மின்சாதனக் கடை நடத்துகிறேன். ஊரில் பிறந்த பிள்ளையை இங்கே அழைத்து வருவது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதில் நான் படித்தவன் அல்லன், அடிபட்டவன். அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் என் பாட்டனார் கதை. ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளம் எங்கள் பூர்வீகம். யுத்தம் முடிந்தபின் பாட்டனார் பினாங்கு வந்து, பிறகு பெரி ஏறி இந்தக் கரைக்கு வந்து சிறு கடை போட்டார். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் வரும். 1958-இல் ஊருக்குப் போனவர், ஐந்து வயது மகனை, அதாவது என் அத்தாவை, கையோடு அழைத்து வந்தார். பாட்டியாரையும் இரண்டு மாமிகளையும் "அடுத்த கப்பலில் கூட்டிக்கொள்கிறேன்" என்று விட்டுவந்தார்.

1953 ஆகஸ்டிலேயே புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இங்கே இருப்பவரின் மனைவி மக்களுக்குக் கதவு திறந்திருந்தது. 1959-இல் அதுவும் இறுகியது. பல ஆண்டு கணவனைப் பிரிந்து ஊரிலேயே இருந்த மனைவிக்கும், ஓரளவு வளர்ந்துவிட்ட பிள்ளைக்கும் வழி கடினமானது. பாட்டனாரின் அடுத்த கப்பல் வரவே இல்லை. 1984-இல் எம்.வி. சிதம்பரம் தீப்பிடித்துக் கப்பல் பயணமே நின்ற அதே வருடம் பாட்டியார் மவ்த்தானார்கள். இங்கே வந்தபின் என் அத்தா தன் தாயைப் பார்த்தது மூன்றே தடவை.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான். அப்படியிருந்தும் அதே தவறைச் செய்தேன்.

2017 ஜனவரியில் பனைக்குளத்தில் எனக்கு நிக்காஹ். ஜமாஅத் தஃப்தரில் கையெழுத்துப் போட்டோம், விருந்து நடந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மனைவி இங்கே வந்து சில மாதம் இருந்துவிட்டு, தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று திரும்பிப் போனார். 2018 மார்ச்சில் மகள் பிறந்தாள். பிறப்பைப் பதியப் போனபோது கவுண்டரில் ஒரே கேள்விதான்: "மலேசியத் திருமணப் பதிவு எங்கே?" என்னிடம் இல்லை. கேட்டவர் மேல் குறையில்லை. சட்டம் கேட்பதைத்தான் அவர் கேட்டார்.

ஊர் திரும்பி ஒரு ஏஜெண்டைப் பிடித்தேன். "இந்தியப் பாஸ்போர்ட் எடுக்காதீங்க பாய், எடுத்தால் மலேசியக் குடியுரிமை கெட்டுப் போகும், நான் பார்த்துக்கறேன்" என்றார். பணம் வாங்கினார். ஆறு மாதம் கழித்து விசாரித்தால் எங்கேயும் ஒரு தாள்கூடப் போகவில்லை. பிறகு நானே அலைந்தேன். ஷரியா நீதிமன்றம், தண்டம், பதிவு என்று நிக்காஹ் சரியாவதற்குள் 2020 மார்ச் 18 வந்துவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. எல்லை அடைபட்டது. 2022 ஏப்ரலில் எல்லை திறந்தபின்தான், இந்தியப் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்து மகளை அழைத்து வந்தேன்.

அப்போது அவளுக்கு நான்கு வயது. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுக்கு அத்தா என்றால் போனுக்குள் இருப்பவர்.

2023-இல் இங்கேயே மகன் பிறந்தான். அவன் குடிமகன். இவள் வருடா வருடம் புதுப்பிக்கும் பாஸில் இருக்கிறாள். போன வருடம் ஊரிலிருந்து திரும்பியபோது நானும் மகனும் மலேசியர் வரிசையில், மனைவியும் மகளும் வெளிநாட்டார் வரிசையில். "நான் மட்டும் ஏன் அத்தா அந்த வரிசை?" என்று கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல? கடைச் சரக்கின் பில்லை வரிக்காக ஏழு வருடம் பத்திரமாக வைக்கிறேன். பெற்ற பிள்ளையின் தாளில் கவனமில்லாமல் இருந்துவிட்டேன். குடியுரிமை விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பதிலை எதிர்பார்த்து இருக்கிறோம். துஆ செய்யுங்கள்.

இனி, நம் பிள்ளைகளுக்காகச் சில செய்திகள்.

ஒன்று, நிக்காஹ். ஊரில் பெண் எடுப்பவர்கள் புறப்படும் முன்பே மாநில சமய இலாகாவில் கேட்டு, வேண்டிய அனுமதியை வாங்குங்கள். நிக்காஹ் முடிந்து ஆறு மாதத்திற்குள் மலேசியத் தூதரகத்திலோ, நாடு திரும்பியபின் இங்கேயோ பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரும் திருமணத்தைப் பதிய வேண்டும். தஃப்தர் மட்டும் போதாது.

இரண்டு, பிறப்பு. பிள்ளை அங்கே பிறந்தால் ஒரு வருடத்திற்குள் தூதரகத்தில் பதியுங்கள். சென்னையில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலில் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் பிள்ளையின் பெயர் இருக்காது. பெயரைச் சேர்த்து வாங்குங்கள்.

மூன்று, பெயர். அங்கே எஸ். முகம்மது, இங்கே முகம்மது பின் சாகுல். முகம்மது என்பதற்கே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். தகப்பன் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும்.

நான்கு, நம் பெண் பிள்ளைகள். மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழிபோல் தானாகக் குடியுரிமை கிடைத்ததில்லை. 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 அக்டோபரில் மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆனால் முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அதே திருத்தம், பெற்றோர் விண்ணப்பிக்கும் பிள்ளையின் வயது வரம்பை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. வளர்ந்த பிள்ளை உள்ளவர்கள் நாள் கடத்தாதீர்கள்.

ஐந்து, வேறு நாட்டில் வேலை செய்யும் தம்பிகள். சிங்கப்பூரில் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். சம்பளம் இருந்தும் திருமணப் பத்திரமும் பிறப்புப் பத்திரமும் சரியில்லை என்றால் அங்கேயும் நிற்க வேண்டியதுதான்.

ஆறு, ஏஜெண்ட். யாரிடம் கொடுத்தாலும் மூலத்தாளைக் கொடுக்காதீர்கள். விண்ணப்ப எண்ணை அன்றே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நம் பெரியவர்கள் இரவில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார்கள் என்று அத்தா சொல்வார். அந்த வேலையை மீண்டும் தொடங்குவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மேசை, விவரம் தெரிந்த இரண்டு பேர். நிக்காஹ் பேசி முடித்த வீட்டார் முதலில் அங்கே வரட்டும். முதல் மேசையில் நான் உட்காருகிறேன். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான்.

பாட்டனாருக்குச் சட்டம் கதவை அடைத்தது. எனக்கு நானே அடைத்துக்கொண்டேன். இங்கே இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் தன் அத்தா போனுக்குள் இருப்பவராக ஆகிவிடக் கூடாது. பிரிந்திருக்கும் நம் குடும்பங்களை எல்லாம் வல்ல அல்லாஹ் ஒன்று சேர்ப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.