சுண்ணாம்புக் கல்லும் திருப்பலியும்
(யூபிலி தயாரிப்பு நாட்களில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



"வயலில் நின்றாலே சாமி கும்பிட்ட மாதிரிதான், ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்துதான் ஆகவேண்டுமா?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. இது குதர்க்கமான கேள்வி அல்ல. தீச்சூளையில் எறியப்பட்ட மூன்று இளைஞர்களும் வெயிலையும் மழையையும் பனியையும் இறைவனைப் போற்ற அழைத்ததாகத் தானியேல் ஆகமத்தில் வாசிக்கிறோம். நம் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கிய வீரமாமுனிவர், தேம்பாவணியில் யூதேயா நாட்டையே மழையும் வயலும் நிறைந்த தமிழ் நாடாகத்தான் பாடி வைத்தார். ஆகவே இயற்கையில் வழிபாடு இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அது எத்தகைய வழிபாடு என்று கேட்கவே வந்தேன்.

தொலைவில் தேட வேண்டாம். நம் கோயில் சுவரில் அடித்திருக்கும் வெள்ளையைப் பாருங்கள். அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் பதிந்திருப்பதை அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் அறிவார்கள். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த உயிர்கள் அவை. நாமோ ஒரு யூபிலிக்கே இத்தனை கொடி கட்டுகிறோம்!

அந்தக் கல் அப்படியே வெள்ளையாகிவிடுமா? காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் வேக வேண்டும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல் வெந்தால் மிஞ்சுவது 56 கிலோ. மற்ற 44 கிலோவும் கரியமில வாயுவாய்ப் போய்விடுகிறது. பிறகு தண்ணீர் பட்டதும் கொதித்து, புகைந்து, நீறுகிறது. சுவரில் பூசியபின் நடப்பதுதான் வியப்பு. இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிறது. ஆனால் பழைய கல் அல்ல. இப்போது அது ஆலயத்தின் சுவர்.

திருப்பலி இதுதான், அன்பர்களே. நாம் கொண்டு வருவது கொஞ்சம் அப்பம், கொஞ்சம் இரசம். கோதுமை தானாக அப்பமாவதில்லை. திராட்சை தானாக இரசமாவதில்லை. மண் கொடுத்ததை மனிதக் கை வாங்கி, அரைத்து, பிழிந்து, பீடத்துக்குக் கொண்டு வரவேண்டும். அங்கே நாம் கையைவிட்டதை ஆண்டவர் தம் உடலாகவும் இரத்தமாகவும் நமக்கே திருப்பித் தருகிறார். வயல் விளையும், ஆனால் விளைந்ததைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்து வர வயலுக்குக் கால் இல்லை. அந்தக் கால் நாம்தான்.

வரும்போது நேரத்தோடு வரலாம். குளிர்காலத்தில் நம் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வருகின்றன. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்ட ஏரி அது. இமயத்துக்கு அப்பாலிருந்து கூட்டமாகப் பறந்து வருகிறவை பருவம் தவறுவதில்லை. தெருக்கோடி வீட்டிலிருந்து புறப்படுகிற நம்மில் சிலருக்கோ நற்செய்தி வாசகம் முடிந்தபின்தான் கோயில் வாசல் தெரிகிறது. சரி, அதை அதிகம் சொன்னால் நேரத்தோடு வந்தவர்களைத் திட்டியதாகிவிடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கல் வெட்டி முடிந்த குழிகள் நம்மைச் சுற்றி எத்தனை! புழுதி படிந்த பருத்திச் செடிகள் எத்தனை! அந்த வேலையால்தான் நம் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிகிறது. அதைப் பழிக்க மாட்டேன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலில் இந்தப் பூமியை நமது பொது இல்லம் என்றார். காலையில் நிலத்தின் விளைவைப் பீடத்தில் வைத்து நன்றி கூறிவிட்டு, மாலையில் அதே நிலம் எக்கேடு கெட்டால் என்ன என்று இருந்தால், அந்த நன்றி வாயோடு நின்றுவிட்டது என்றுதான் பொருள். கைவிடப்பட்ட குழியில் மழைநீரைத் தேக்கவும் கரையில் மரம் நடவும் கேட்பது அரசியல் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். எனக்கு அது காணிக்கையின் தொடர்ச்சியாகவே படுகிறது.

ஆகவே யூபிலித் திருப்பலியின் காணிக்கைப் பவனிக்கு ரூபாய் உறை மட்டும் போதாது. பெரம்பலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும், ஆண்டிமடம் பக்கத்தவர் முந்திரியும், கொள்ளிடக் கரையார் நெல்லும் கைப்பிடியளவு கொண்டு வாருங்கள். சுரங்கத்தில் வேலை செய்கிறவர் சிப்பி பதிந்த ஒரு கல்லைக் கொண்டு வந்தாலும் பீடத்தின் அடியில் இடம் உண்டு. பவனி கோயில் வாசலிலிருந்து காலை சரியாக 6 மணிக்குப் புறப்படும்.