அட்டவணைக்கு அடங்காத பாப்பா

(2025 ஜனவரியில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தம்பி, 2011-ல் முடித்தவர்கள் சார்பில் நீ பத்து நிமிஷம் பேசணும். பம்பு பற்றி மட்டும் பேசிடாதப்பா, போன தடவை ஒருத்தர் டர்பைன் பற்றிப் பேசி பாதிப் பேரைத் தூங்க வெச்சுட்டார்" என்றார். பம்பை விட்டால் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். 2023 ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தாள். அவளோடு ஊர் சுற்றிய 2024 கோடைக்காலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் மனைவியும் இந்தக் கல்லூரிதான். இ.சி.இ., எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். மற்ற விவரங்களைக் கேட்காதீர்கள். முன்வரிசையில் இருக்கும் எங்கள் பழைய வார்டன் இப்போதும் என்னை அதே மாதிரிதான் பார்க்கிறார்.

2017-ல் சட்டத்தைத் திருத்தியதால் என் மனைவிக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு கிடைத்தது. எனக்குக் கம்பெனியில் கொடுத்தது ஐந்து நாள். ஆறாவது நாள் வெளிமாநிலத்தில் ஒரு நீரேற்று நிலையத்தில் பம்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா முதலில் சிரித்தது, குப்புற விழுந்தது எல்லாம் எனக்கு வீடியோவாகத்தான் வந்தது. பல் முளைத்த சேதியை அவள் அமுச்சி போனில் சொன்னார்.

அதை ஈடுகட்ட, இன்ஜினியர் புத்தியில் நான் ஒரு காரியம் செய்தேன். எக்ஸெல்லில் ஓர் அட்டவணை போட்டேன். எந்த மாதம் உட்கார வேண்டும், எந்த மாதம் தவழ வேண்டும், எந்த மாதம் நிற்க வேண்டும் என்று தேதி குறித்தேன். நடந்தால் பச்சை, தாமதமானால் சிவப்பு. பம்பு நிலைய வேலையைக் கண்காணிக்க நாங்கள் போடுகிற அட்டவணையேதான்.

ஏப்ரல் கடைசியில் சேர்த்து வைத்திருந்த விடுப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு மூன்று வாரம் ஊருக்கு வந்தேன். பாப்பாவுக்கு எட்டரை மாதம். நன்றாக உட்கார்ந்தாள், ஆனால் தவழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஏழு மாதத்திலேயே தவழ்ந்து சமையலறை வரை போய்விட்டதாம். என் அட்டவணையில் சிவப்பு ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கள் முதல் 'சுற்றுலா' ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனது. தட்டம்மை, ரூபெல்லா ஊசி. போட்டு முடித்ததும் டாக்டரம்மாவிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டதைச் சொன்னார். பிடிக்காமல் உட்கார்வது சுமார் 4 முதல் 9 மாதம் வரை, தவழ்வது 5 முதல் 13½ மாதம் வரை, தானாக நடப்பது 8 முதல் 17½ மாதம் வரை. நூற்றுக்கு நாலு குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டனவாம்.

"நீங்க ஷாஃப்டுக்கு டாலரன்ஸ் கொடுப்பீங்கல்ல? குழந்தைக்கு மட்டும் ஒரே தேதி எப்படிங்க?" என்றார்.

பதில் சொல்ல வாயில்லை. அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கவும் அவர் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக் கை காலை மட்டுமே அசைத்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டாலோ, வயது தாண்டியும் உட்காராவிட்டாலோ, நாள் கடத்தாமல் காட்ட வேண்டும் என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாப்பாவைத் தரையில விடறீங்களா?"

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்பத்தா, அமுச்சி, அப்பச்சி, மாமன் என்று கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிக்கொண்டே இருந்தோம். குழந்தை எங்கே தவழ்வது?

அடுத்த வாரம் கோபி பக்கத்தில் இருக்கும் மாமனார் ஊருக்குப் போனோம். ராகிக் கூழுக்கு மாவு, துணிமணி, கொசுவலை என்று ஒன்பது கிலோ பாப்பாவுக்கு இருபது கிலோ சாமான். தென்னந்தோப்பில் பம்புசெட் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தொட்டி ஓரத்தில் பிடித்து உட்கார வைத்ததும், இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மோட்டார் சத்தம் சரியில்லையே, பேரிங் போயிருக்குமோ என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமியார் சொன்னார்: "ஏனுங் மாப்பிள்ளை, மோட்டாரை வருஷம் பூராப் பார்க்கறீங்க. புள்ளையை அஞ்சு நிமிஷம் பாருங்க."

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் பாய் விரித்துக் கீழே விட்டோம். கொஞ்ச நேரம் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தபடியே ஒரு காலால் உந்தி உந்தி, பாய் முனையில் கிடந்த தேங்காய் மட்டையிடம் போய்ச் சேர்ந்தாள். தவழவில்லை, நகர்ந்தாள்! என் அட்டவணையில் அதற்குக் கட்டமே கிடையாது.

குலதெய்வக் கோயிலில் முடி எடுத்துக் காது குத்தியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமன் மடியில் பாப்பா அழுதாள், மாமனும் அழுதான், விருந்து பிரமாதம்.

கடைசியாக ஊட்டி. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்களுக்கு ஏற்கெனவே மேட்டுப்பாளையம் மலை ரயிலில் டிக்கெட் இருந்ததால் பிழைத்தோம். 46 கிலோமீட்டர் தூரம், மேலே ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கிட்ட. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பட்டை, அதைப் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ரயில் குன்னூர் வரை ஏறுகிறது. மெக்கானிக்கல்காரனுக்கு இதைவிடக் கோயில் உண்டா? குகைக்குள் நுழைந்ததும் பெட்டியே 'ஓ'வென்று கத்தியது. முதல் குகையில் பாப்பா மிரண்டு அழுதாள். நாலாவதில் அவளும் சேர்ந்து கத்தினாள்.

வழியில் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. இறங்கி ஓடினேன். சிலிண்டர், இணைப்புத் தண்டு, பல்பட்டை என்று நாற்பது போட்டோ எடுத்தேன். திரும்பி வந்தால் பெட்டியே கைதட்டிக்கொண்டிருந்தது. பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றிருக்கிறாள். முதல் முறையாக! நான் ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெளிமாநிலத்தில் இருந்தபோது தவறவிட்டதற்குக் கம்பெனியைச் சொல்லலாம். இருபதடி தூரத்தில் இருந்துகொண்டே தவறவிட்டதற்கு யாரைச் சொல்வது? அன்று இரவு ஊட்டிக் குளிரில் உட்கார்ந்து அட்டவணையை அழித்தேன்.

நம் தமிழ் மன்றத்தில் பிள்ளைத்தமிழ் பற்றி ஒரு பேச்சு நடந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். எனக்கு நினைவிருப்பது அதற்குப் பிறகு கொடுத்த பஜ்ஜிதான். இப்போதுதான் விஷயம் புரிகிறது. தலையை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை, கை தட்டினால் சப்பாணி, நடந்து வந்தால் வருகை என்று பத்துப் பருவம் வகுத்தார்கள். அவர்களும் மாதக் கணக்கு வைத்திருந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட அல்ல, ஒவ்வொரு பருவத்திலும் கிட்ட உட்கார்ந்து பார்த்துப் பாட.

செப்டம்பரில் கம்பெனியில் மூன்று மாதம் வெளிநாட்டு வேலைக்குப் போகச் சொன்னார்கள். இந்தத் தடவை வேறொருவரை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். சம்மதித்தார்கள். அந்த வருஷப் பதவி உயர்வும் வேறொருவருக்குப் போனது. வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். வீட்டில் பேசினோம். கார்க் கடனைக் கணக்குப் போட்டோம். இரண்டு நாள் சரியாகப் பேசாமல்கூட இருந்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. என் மனைவி ஆபீசிலிருந்து வந்து மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஃபிரிட்ஜைப் பிடித்து நின்ற பாப்பா, கையை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. என் முழங்கால் மேல் வந்து விழுந்தாள். பதினாலு மாதம். போனில் சார்ஜ் இல்லை, போட்டோவும் இல்லை. இருட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்தோம். அது எங்களுக்குப் போதும்.

இங்கே நிறுவனங்களில் பெரிய பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் பலர் இருக்கிறீர்கள். மத்திய அரசு ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனங்களில் தகப்பனுக்கு இத்தனை நாள் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. எல்லாம் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை ஓர் இளைஞன் லீவு லெட்டரோடு தயங்கி நின்றால், "வீட்ல அம்மா இல்லையா, பார்த்துக்க மாட்டாங்களா?" என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுங்கள். தம்பி, தங்கைகளே, வேலையில் சேரும்போது சம்பளத்தோடு விடுப்பு விதியையும் ஒரு முறை படியுங்கள். லீவு கிடைத்த தம்பிகளே, லீவில் மோட்டார் சத்தம் கேட்காதீர்கள்.

கடைசி வரிசையில் ஒற்றைச் செருப்போடு ஓடிக்கொண்டிருப்பவள்தான் எங்கள் பாப்பா. இப்போது பதினேழு மாதம். மைக் வயர் பக்கம் வந்துகொண்டிருக்கிறாள். நான் இறங்கியாக வேண்டும்.